இல்லாத ரிஜிஸ்டருக்கு என்ன பதில்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஓடும் கெஸ்ட் இயங்குதளம், பிராசஸர் முழுக்கத் தன்னுடையது என்ற நினைப்பில் அதன் எம்எஸ்ஆர் ரிஜிஸ்டர்களை, அதாவது பிராசஸரின் அமைப்புகளையும் நிலையையும் வைத்திருக்கும் சிறப்பு ரிஜிஸ்டர்களைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை ஈசிஎக்ஸ் என்ற பொது ரிஜிஸ்டரில் வைத்துக் கேட்டால், 64 பிட் மதிப்பு இரண்டு பாதியாக ஈடிஎக்ஸிலும் ஈஏஎக்ஸிலும் வந்து சேரும்.

கெஸ்ட்டுகளை ஓட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். எதைக் கேட்டால் அது இடைமறிப்பது? இன்டெல் பிராசஸருக்கு இதற்கென்றே 4 கிலோபைட் நினைவகப் பக்கம் ஒன்று இருக்கிறது. 8192 ரிஜிஸ்டர்கள் கொண்ட இரண்டு வரிசை, படிக்க ஒரு பிட், எழுத ஒரு பிட். பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். பிட் 1 என்றால் கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குப் போகும். அது மதிப்பை நிரப்பிவிட்டு, கெஸ்ட் எந்த ஆணையில் நிற்கிறது என்று காட்டும் ஆணைச் சுட்டியை, அந்த ஆணையின் நீளமான இரண்டு பைட் நகர்த்த வேண்டும். நகர்த்த மறந்தால் கெஸ்ட் அதே ஆணைக்கே திரும்பத் திரும்ப வரும். பிழைச்செய்தி ஏதும் வராது. சிபியு மட்டும் நூறு சதவீதத்தில் நிற்கும்.

சரி, அந்த எண்ணில் ரிஜிஸ்டரே இல்லையென்றால்? நிஜ பிராசஸர் 13-ஆம் எண் பிழையை எழுப்பும். ஹைப்பர்வைசரும் அதைத்தான் எழுப்ப வேண்டும். அப்போது சுட்டியை நகர்த்தக் கூடாது. ஆனால் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் 'இக்னோர் எம்எஸ்ஆர்ஸ்' என்றொரு அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டால் தெரியாத ரிஜிஸ்டருக்கெல்லாம் பூஜ்யம்தான் பதில். கெஸ்ட் பூட் ஆகிவிடும், பலருக்கு அதோடு திருப்தி. எனக்கு இல்லை. 206-ஆம் ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8 முதல் 15 வரையிலான பிட்டுகளில் பெருக்கல் விகிதம் இருக்கும். அதிலிருந்து கடிகார வேகத்தைக் கணக்கிடலாம். பூஜ்யம் கொடுத்தால் வேகமும் பூஜ்யம். அதால் எங்கோ வகுக்கும்போது கெஸ்ட் விழலாம், அதுவும் சம்பந்தமே இல்லாத இடத்தில். பிழை வந்திருந்தால்? லினக்ஸில் 'சேஃப்' வகைச் செயற்கூறுகள் இருப்பதே அதற்காகத்தான்: தொட்டுப் பார்க்கும், பிழை வந்தால் வேறு வழியில் போகும். மறுபடியும் சொல்கிறேன், பூஜ்யம் வேறு, இல்லை என்பது வேறு. கெஸ்ட்டுக்கு ஒரு வசதி வேண்டாம் என்றால், பிராசஸரில் என்னென்ன வசதி உண்டு என்று சொல்லும் சிபியுஐடி பட்டியலிலேயே அதை மறைத்துவிடுங்கள். பட்டியலில் காட்டிவிட்டு ரிஜிஸ்டரை மறுப்பதும் தப்புதான்.

ஓடும் கெஸ்ட்டை வேறு கணினிக்கு மாற்றுவது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் இல்லை. ஒன்று மட்டும்: புதிய கணினியில் ரிஜிஸ்டர்களை எழுதும் வரிசை முக்கியம். டைமரை, குறித்த நேரம் வந்ததும் அடிக்கும் டெட்லைன் முறைக்கு மாற்றும் முன்பே டெட்லைன் ரிஜிஸ்டரில் எழுதினால் எழுதியது காணாமல் போகும், டைமர் அடிக்காது. முதலில் அந்த டைமர் இருக்கும் ஏபிஐசி, பிறகு டெட்லைன். வணக்கம்.