பாக்கி நிற்கிற வேலை

நடுவர் அவர்களுக்கும், உட்கார இடம் இல்லாமல் வாசல் வரை நின்று கேட்கிற நம்ம மதுரை மக்களுக்கும் வணக்கம். சின்ன வயதிலிருந்து எடுத்து வைத்திருக்கிற பிளாஸ்டிக் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதா, வந்தபடியே விடுவதா என்பது தலைப்பு. தீட்ட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, காந்தி மியூசியத்தில் ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறதே, பழசாகிப் போச்சு என்று அதைத் துவைத்து வைப்பீர்களா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல கேள்வி, நானும் கை தட்டினேன். துவைக்க மாட்டோம் அக்கா. அந்தக் கறை ஒரு சாட்சி. ஆனால் என் பெட்டியில் கிடக்கிற சிப்பாய் தலை முதல் கால் வரை ஒரே பச்சையாக இருக்கிறானே, அது எதற்குச் சாட்சி? பெயிண்ட் செலவை மிச்சம் பிடித்ததற்கு. 1893-ல் லண்டனில் பிரிட்டன்ஸ் கம்பெனி ஈயத்தில் வார்த்து விற்ற சிப்பாய்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது. உருக்கி அச்சுக்குள் தள்ளினால் கொத்துக் கொத்தாக விழும், ஆள் வைத்துத் தீட்டினால் விலை ஏறும், அதனால் ஒரே நிறத்தில் அப்படியே பாக்கெட்டில் போட்டுவிட்டார்கள். 1959-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி விட்ட குட்டிச் சிப்பாய்களும் அப்படி வந்தவைதான், வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டார்கள். அவர்கள் பாக்கி வைத்ததை நாம் முடிக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை மதுரையில் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். வெளியே போய் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள், ஆயிரத்துக்கும் மேலே சுதைச் சிற்பங்கள். 2009 கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டி அத்தனைக்கும் புது வண்ணம் பூசினார்களே, பழைய முகம் போச்சே என்று யாராவது அழுதோமா? விளாச்சேரியில் மண் பொம்மையைச் சுட்டு எடுத்தவுடன் வேலை முடிந்தது என்று யாரும் எழுந்து போவதில்லை, கண் திறந்தால்தான் பொம்மை. பாட்டி காலத்துக் கொலு பொம்மைக்கு மூக்கு நுனியில் வர்ணம் உதிர்ந்தால் நவராத்திரிக்கு முன்னால் தொட்டு வைக்கிறோம். இந்த ஊரில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பது என்றால் அதற்கு வண்ணம் தீட்டுவதும் சேர்த்துத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் அப்பா தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு சிப்பாய்கள். வைகை மணலில் புதைத்தோம், தோண்டினோம், ஒருவன் இன்றைக்கும் அந்த மணலுக்குள்தான் இருக்கிறான். மிச்சம் பதினொரு பேர் பிஸ்கட் டப்பாவில் பரண் மேல் ஏறினார்கள். முப்பது வருஷம் யாரும் திறக்கவில்லை. எதிரணி சொல்கிற ‘வந்தபடியே’ இதுதான் நடுவர் அவர்களே, யாரும் பார்க்காமல் கிடப்பது.

எடுத்து முதலில் நேராக எனாமல் பெயிண்டை அடித்தேன். மறுநாள் துப்பாக்கியை லேசாக வளைத்தேன், வெயிலில் உரியும் தோல் மாதிரி மொத்தமும் உரிந்து வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம்தான் விவரம் புரிந்தது. இந்த மெத்துப் பிளாஸ்டிக் பாலிஎத்திலீன், பால் கவர் செய்கிற அதே இனம், அதன் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. போதாததற்கு அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெயும், நம் கைப் பிசுக்கும் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, ஒரு நாள் முழுக்க உலர விட வேண்டும். பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிசாக ஒரு பூச்சு, அது வளைந்து கொடுக்கும். அதன் மேல் அக்ரிலிக் பெயிண்ட், ஒரே தடவையில் அப்பாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, கடைசியில் பளபளக்காத வார்னிஷ்.

அப்படி விளக்கடியில் வைத்துத் தீட்டும்போதுதான் பார்த்தேன், மண்டியிட்டிருக்கிற சிப்பாயின் இடுப்பில் ஒரு தண்ணீர்க் குடுவை தொங்குகிறது! பக்கத்தில் சின்னதாக ஒரு பித்தான். எட்டு வயதில் தினமும் கையில் பிடித்தவன், எனக்குத் தெரியவே தெரியாது. பச்சைக்குள் பச்சையாக ஒளிந்திருந்தது. பிரஷ் நுனி அங்கே போய்த் தடுக்கியபோதுதான் அது இருப்பதே தெரிந்தது.

பிளாஸ்டிக் சும்மா விட்டால் அப்படியே இருக்கும் என்பதும் சரியில்லை. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு இற்றுப்போகிறது, ஒருநாள் தொட்டதும் முறிகிறது. வண்ணம் பூசினால் அது நின்றுவிடும் என்று பொய் சொல்ல வரவில்லை. ஆனால் என் பதினொரு பேரில் இரண்டு பேருக்குக் கணுக்காலில் விரிசல் விட்டிருந்ததைக் கழுவ எடுத்ததால்தான் கண்டுபிடித்தேன். கம்பெனியிலேயே வண்ணம் தீட்டி வந்த பழைய பொம்மை என்றால் நானும் தொட மாட்டேன், அது வேறு ஒருவர் கை வேலை. அதில் அக்காவோடு எனக்குச் சண்டை இல்லை.

நினைவை பெயிண்ட் மறைத்துவிடும் என்றார்கள். ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனையை என் தம்பி கடித்து வைத்திருக்கிறான், நாலு பல் தடம். அதை நான் நிரப்பவில்லை. பூச்சு அந்தப் பள்ளத்தை விட மெல்லிசு, நாலு பல்லும் அப்படியே இருக்கிறது, கறுப்பு அடித்ததும் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. தம்பி இப்போது வெளியூரில் இருக்கிறான். போட்டோ அனுப்பினேன். உடனே போன் அடித்து, “அண்ணே, அது என் பல்லுதானே?” என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அந்தப் பல் தடம் பட்ட சிப்பாயைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன் நடுவர் அவர்களே. வார்னிஷ் காய்ந்துவிட்டது, தைரியமாகக் கையில் வாங்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.