மில்லர்ஸ் டேல்: ரயில் போன பிறகும் எடுக்க வேண்டிய படங்கள்

வணக்கம், நேயர்களே.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டெர்பிஷயர் என்றொரு மாவட்டம். அங்கே வை ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற பள்ளத்தாக்கில் மில்லர்ஸ் டேல் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, ஆற்றை ஒட்டி ஒரு சாலை, கொஞ்சம் கல் வீடுகள். இவ்வளவு சின்ன ஊருக்கு ஐந்து நடைமேடைகளோடு ஒரு ரயில் நிலையம் இருந்தது என்றால் நம்பக் கடினம்தான். லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போன வண்டிகள் இந்த வழியாக ஓடின. பக்ஸ்டன் போகிறவர்கள் இங்கே இறங்கி வண்டி மாறினார்கள். 1863-இல் திறந்த நிலையத்தை 1967-இல் மூடினார்கள். மறு ஆண்டே அந்தப் பாதையும் மூடப்பட்டது.

பிரிட்டன் முழுவதும் அப்படிப்பட்ட காலம் அது. ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963-இல் தந்த அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடச் சொன்னது. எல்லாம் மூடப்படவில்லை. ஆனாலும் பல ஊர்களில் இன்று ‘ஸ்டேஷன் ரோடு’ என்ற பெயர்ப் பலகை நிற்கிறது, அந்தச் சாலையின் முடிவில் நிலையம் இல்லை.

கேமராவோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதலில் தேடிப் போவது சற்றுத் தள்ளி மான்சல் ஹெட்டில் இருக்கும் ஹெட்ஸ்டோன் பாலத்தை. ஐந்து வளைவுகளோடு ஆற்றைத் தாண்டுகிற அழகான பாலம். அதைக் கட்டியபோது கலை விமர்சகரும் எழுத்தாளருமான ஜான் ரஸ்கின் கொதித்துப் போனார். பக்ஸ்டனில் இருக்கிற முட்டாள்கள் அரை மணியில் பக்கத்து ஊரான பேக்வெல் போய்ச் சேர்வதற்காக ஒரு பள்ளத்தாக்கையே பாழாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். அதே பாலத்தை 1970-இல் அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இப்போது காலண்டர்களில் வருவது அதுதான். நீங்களும் ஒரு படம் எடுங்கள், தப்பில்லை. எடுத்துவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். அந்தப் பாலத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. கீழே இருக்கிற தெருவுக்குத்தான் ஆள் இல்லை.

ரயில் ஓடிய காலத்திலும் இதே கதைதான். ரயில் பிரியர்கள் நீராவி எஞ்சின்களை அலுக்காமல் படமெடுத்தார்கள். டிக்கெட் கொடுத்த ஜன்னல், காத்திருந்தவர்கள் உட்கார்ந்த பெஞ்சு, வாசலில் நின்ற வண்டிகள், இவையெல்லாம் எஞ்சினுக்குப் பின்னால் தற்செயலாக விழுந்தால்தான் உண்டு. இன்று பழைய படங்களைப் புரட்டும்போது என் கண் எஞ்சினைத் தாண்டி அந்த ஓரங்களுக்குத்தான் ஓடுகிறது.

அதனால் தெருவில் நிற்கும் கார்கள் விலகட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு பதிவான பிரிட்டிஷ் கார்களின் நம்பர் பிளேட்டில் வழக்கமாக வரும் இரண்டு இலக்கங்கள், அது எந்த ஆண்டின் எந்தப் பாதியில் பதிவானது என்று சொல்லும். பின்னாளில் படத்துக்குக் காலம் குறிக்க அது உதவும். சிவப்புத் தபால் பெட்டியையும் கிட்டப் போய் எடுங்கள். அதை வைத்த காலத்து அரசர் அல்லது அரசியின் முதலெழுத்துகள் அதில் பெரும்பாலும் வார்த்திருக்கும். குப்பைத் தொட்டி, பேருந்து நிறுத்தம், மதுவிடுதிக் கதவில் ஒட்டிய அறிவிப்பு, இவை எதையும் ஒதுக்க வேண்டாம்.

கைவிட்ட பாதைக்கு வருவோம். மில்லர்ஸ் டேலில் அது இன்று மான்சல் டிரெயில் என்ற நடைபாதை. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ரயில் சுரங்கப்பாதைகளை 2011-இல் திறந்துவிட்டார்கள். ஊருக்கு மேலே இரண்டு இரும்புப் பாலங்கள் அருகருகே நிற்கின்றன. முதல் பாதையோடு வந்தது ஒன்று, 1905-இல் சேர்த்தது மற்றொன்று. ஒன்றில் மக்கள் நடக்கிறார்கள், இன்னொன்று சும்மா நிற்கிறது.

படமெடுக்கக் குளிர்காலம்தான் ஏற்றது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சி வேளையில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 13 பாகை அளவே ஏறும். அந்தச் சாய்ந்த வெயிலில் நடைமேடைக் கல்லின் தேய்மானம்கூடத் துலங்கும். இலை உதிர்ந்திருப்பதால் மேட்டுக்கரைகளின் வடிவமும் புலப்படும். இந்தப் பள்ளத்தாக்கில் ஆஷ் மரங்கள் ஏராளம். அவற்றை இப்போது ஒரு பூஞ்சை நோய் கொன்றுகொண்டிருக்கிறது. இன்று நீங்கள் எடுக்கும் சரிவு பத்தாண்டில் வேறு தோற்றத்தில் இருக்கும். அவசரமாக எடுக்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பழைய ரயில் பாதை எங்கே போனது என்று தெரியாத ஊர்களில், பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பொதுத் தெருவில் நின்று படமெடுக்க அங்கே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் பழைய தடங்கள் பல இடங்களில் தனியார் நிலமாகிவிட்டன. வேலி இருந்தால் நிலக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்தோடும் தேதி, நின்ற இடம், கேமரா பார்த்த திசை மூன்றையும் எழுதி வையுங்கள். கிரேட் பிரிட்டனின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் படம் சேர்க்க 2005-இல் தொடங்கிய ஜியோகிராஃப் திட்டத்தில் எவரும் பங்கேற்கலாம். டெர்பிஷயர் படங்கள் என்றால் மேட்லாக்கில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்திடமும் பேசிப் பாருங்கள். பாலத்தின் படத்தோடு பேருந்து நிறுத்தத்தின் படத்தையும் சேர்த்தே காட்டுங்கள்.

வணக்கம்.