சனிக்கிழமை இரவு பதினைந்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் கடைசியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற நாட்களில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இயேசு, மரியா, யோசேப்பு குடும்பத்தை நினைவுகூரும் திருக்குடும்ப விழா வருகிறது. அன்றைய வாசகங்களை வைத்தே, பூசையில் கேட்கும் இறைவார்த்தையை வீட்டில் எப்படிப் புழங்குவது என்று பார்ப்போம்.

ஞாயிறு பூசையில் முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நற்செய்தி என மூன்று பகுதிகள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. நற்செய்தி முதல் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, பிறகு லூக்கா. பெருவிழாக் காலங்கள் போக மீதியுள்ள பொதுக்காலத்தில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்திருப்பார்கள். இரண்டாம் வாசகம் தன் போக்கில் தொடர்ந்து போகும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டப் பார்த்துப் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் நற்செய்தியை முதலில் வாசியுங்கள், அடுத்து முதல் வாசகம். அதுவே போதும்.

சனிக்கிழமை இரவு, ஜெபமாலை முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் அமைதி. அதே பகுதியைப் பிள்ளைகளில் ஒருவர் மறுபடி வாசிக்கட்டும். பிறகு மனதில் தைத்த ஒரு சொல்லை ஒவ்வொருவரும் சொல்லலாம், விளக்கம் வேண்டாம். அப்பா பிரசங்கம் தொடங்கிவிட்டால் அடுத்த வாரம் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள்.

திருக்குடும்ப விழா வாசகங்களுக்கு வருவோம். லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். பெற்றோர் ஒரு நாள் வழி நடந்த பிறகே தெரிகிறது. மூன்று நாளுக்குப் பின் கோவிலில் பார்த்ததும் மரியா செய்வது இரண்டுதான்: ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார், நாங்கள் கவலையோடு தேடினோம் என்று சொல்கிறார். பிறகு பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்றும் லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். டியூஷன் முடிந்து கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, மூடுபனியில் நடந்து வரும் மகனை வாசலிலேயே நிறுத்தித் திட்டினால், அடுத்த முறை காரணத்தை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். முதலில் உள்ளே வரட்டும், ஸ்வெட்டரை மாற்றட்டும், சூடாகக் குடிக்கட்டும். அப்புறம் அந்த ஒரு கேள்வி.

பவுலின் கடிதமான கொலோசையர் 3-ஆம் அதிகாரத்தில்தான் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற 18-ஆம் வசனத்தைக் கணவர் நினைவில் வைத்துக்கொள்கிறார். மனைவியிடம் அன்பு காட்டு, கடுமையாக நடக்காதே என்ற 19-ஆவது வசனம் அவர் காதில் விழுவதில்லை. பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள், மனம் தளர்ந்துபோவார்கள் என்கிற 21-உம் அப்படியே. 12-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பரிவையும் பொறுமையையும் உடுத்திக்கொள்ளச் சொல்லித்தான் பவுல் தொடங்குகிறார். இந்தக் குளிரில் யாரும் மற்றவருக்கு முதலில் ஸ்வெட்டர் மாட்டிவிட்டுத் தான் வெறும் சட்டையோடு நிற்பதில்லை. வசனமும் அப்படித்தான், வாசிப்பவர் முதலில் உடுத்திக்கொள்ள வேண்டியது.

வாரத்துக்குச் சில சிறு செயல்களை மட்டும் முடிவு செய்யுங்கள். "இனி அன்பாக இருப்போம்" என்பது திங்கட்கிழமை காலையே கரைந்துவிடும். யார், எப்போது, என்ன என்று மூன்றும் தெரிய வேண்டும்.

அதற்கு, பழைய ஏற்பாட்டு நூலான சீராக் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமையாக இரு, உன் உடல்வலுவை வைத்து அவரை இகழாதே என்கிறது. இதை எழுதியவர் முதுமையை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். காலையில் அம்மா இலை பறிக்கத் தோட்டத்துக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி. அந்த அவசரத்தில் தாத்தா நாலாவது தடவையாக "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். "இப்பத்தானே சொன்னேன்" என்ற பதிலை இந்த ஒரு வாரம் யாரும் சொல்லாமல் இருக்கலாம். கிழமையை மட்டும் சொன்னால் போதும். ஆறு மணிக்கு அவருக்கு வெந்நீர் வைப்பது மூத்த மகன் பொறுப்பு. அவர் கட்டிலை ஜன்னல் ஓரத்திலிருந்து அடுப்படிச் சுவர் பக்கம் நகர்த்துவதை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை, புதிய நற்செய்தியைத் திறக்கும் முன், வெந்நீர் எத்தனை நாள் வைத்தாய் என்று மகனிடம் கேளுங்கள். நாலு நாள் என்றால், அந்த நாலு நாளுக்கும் நன்றி சொல்லுங்கள்.