அழுதால் மட்டும் போதுமா?

சேகர ஆயர் ஐயா அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை அவர்களே, சேகரக் கமிட்டி அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, இவ்வளவு நேரம் உருக்கமாகப் பாடிய பாடகர் குழுவினரே, மழை மிரட்டியும் பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கிற அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கு வேறொரு கூட்டம் இருக்கிறது. இருந்தும் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கன்வென்ஷன் நாட்களில் தண்ணீருக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். என் மனமார்ந்த நன்றி.

லெந்து என்கிற தவக்காலத்தில் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மூன்று காரியங்கள் சொல்ல வந்தேன். ஒன்று, தேவ அன்பு நம்மை முந்திக்கொள்கிறது. இரண்டு, மனந்திரும்பினவன் கை சும்மா இருக்காது. மூன்று, மறுதலித்த பேதுருவை ஆண்டவர் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்பது.

லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய குமாரனைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. அப்பாவிடம் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்புகிற அவன், வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது அதன் கடைசி வரி. அந்த வரியைச் சொல்ல அப்பா விடவே இல்லை, கவனித்தீர்களா? அவன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மகன் பேசி முடிக்குமுன் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளை போகிறது. தேவதயவுதான் நம்மைக் குணப்பட ஏவுகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறாரே, அது இதுதான்.

சரி, அன்பு வந்து கட்டிக்கொண்டது. அப்புறம்? என் பாட்டி ஒரு பழமொழி சொல்வார்கள். எந்த மேடையில் ஏறினாலும் அதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை: அழுதாலும் பிள்ளை அவளே பெறவேண்டும்.

எரிகோ ஊர்ச் சகேயுவைப் பாருங்கள். வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். காட்டத்தி மரத்தில் இருந்தவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்: இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும். அதுவரை அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை, ஒரு பாவமும் அறிக்கையிடவில்லை. ஊர் முறுமுறுத்தது. அந்த அன்புக்கு முன்னால் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப என்றான். குற்றத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. இவன் நாலு மடங்கு கொடுக்கிறான். அவன் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை.

நம் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகன் கல்யாணத்தில் 50 பவுனும் ரொக்கம் 5 லட்சமும் ஸ்ரீதனம் வாங்கினார். அதற்காகப் பெண்ணின் அப்பா, தன் அப்பா காலத்து ரப்பர் தோட்டத்தை விற்றார். நம்முடைய ஆள் கன்வென்ஷன் என்றால் முன்வரிசையில் இருப்பார். ஜெப நேரத்தில் தோள்துண்டு நனைந்துவிடும். ஒரு லெந்தில் இதே சகேயுவைப் பற்றிப் பிரசங்கம். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. விடியுமட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மாதத்திலேயே ரோட்டோரம் இருந்த 7 சென்டை விற்று, ரூபாயை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் பஸ் ஏறினார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவரைக் கண்டதும் அந்த வீட்டம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்கள். "இனி எங்ககிட்ட விக்கதுக்கு ஒண்ணும் இல்லியே" என்றார்கள். இன்னும் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்! எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தை குத்தினதுபோல் எதுவும் குத்தவில்லை என்று என்னிடம் சொன்னார். பையைத் திண்ணையில் வைத்தார். சம்பந்தி தொட மாட்டேன் என்கிறார். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது மரியாதை இல்லையாம். கடைசியில் இரண்டு பேரும் பேசி, அந்தப் பணத்தில் மருமகள் பெயருக்கே ஒரு மனை வாங்கினார்கள். லாக்கரில் மாமியார் பெயரில் இருந்த நகையும் அவள் கைக்கு வந்தது. பத்திர ஆபீசில் கையெழுத்துப் போடச் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு விஷயமே தெரியும். "மாமா, எதுக்கு?" என்றாளாம். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

தோள்துண்டு நனைந்தது எத்தனை வருஷம்! அழுதாலும் பிள்ளை அவளே பெறவேண்டும்.

நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆம், ஸ்ரீதனத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அதன் 6ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வேறு யார் வாங்கியிருந்தாலும் கல்யாணமாகி 3 மாதத்துக்குள் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும். சர்க்கார் சட்டமே திருப்பிக் கொடு என்கிறது. பீடத்தண்டை முழங்கால்படியிடுகிற நாம் சும்மா இருக்கிறோம். மேலாடை உடுத்தக் கூடாது என்று தடுத்த காலத்தில் நம் முப்பாட்டிகள் அந்த உரிமைக்காக அடிபட்டார்கள். 1859ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அனுமதி உத்தரவு வரும்வரை அவர்கள் விடவில்லை. அவர்கள் பேத்திகளை இன்று நாம் பவுன் கணக்கில் பேசுகிறோம். எனக்குத் தாங்கவில்லை.

பேதுருவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, சபையில் வாசிக்குமுன் இரு வீட்டாரையும் அழைத்து, "கேட்டீர்களா, வாங்கினீர்களா?" என்று ஆயர் கேட்கவேண்டும். சேகரக் கமிட்டி இதைத் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். வாங்காமல் கட்டுவேன் என்கிற வாலிபர்களுக்கும், வாங்கினதைத் திருப்புவேன் என்கிற பெற்றோருக்கும் பெண்கள் ஐக்கியத்தார் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஏற்கெனவே சில பெயர்கள் இருக்கின்றன. காணிக்கைப் பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கமாகப் போங்கள்.