எஸ்ஏபி-யில் காணாமல் போன இண்டெக்ஸ்: எங்கே பார்ப்பது, எப்படித் திரும்பக் கட்டுவது?

[திரையில்: மண்டபம் மீன் இறங்குதளம், காலை நேரம். கணவாய்க் கூடைகள் எடைக்கு வருகின்றன.]

வணக்கம். மண்டபத்துல கணவாய் ஏற்றுமதி பண்ற ஒரு கம்பெனின்னு வச்சுக்குங்க. வரவு, கோல்டு ஸ்டோரேஜ், கண்டெய்னர் எல்லாம் எஸ்ஏபி-ங்கிற நிறுவன மேலாண்மை சாஃப்ட்வேர்ல பதிவாகுது. 2010-லேர்ந்து ஐரோப்பாவுக்குப் போற கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். நம்ம நாட்டுல அதைக் கொடுக்கிறது எம்பிடா, அதாவது கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். எந்த லாட் (ஒரே தொகுதியா வந்த சரக்கு) எந்தப் போட்டுல வந்துச்சுன்னு நாம கணக்குக் காட்டியாகணும். அதுக்காக ஸ்டோர்ல எம்பி51-ங்கிற சரக்குப் பதிவுத் திரையில தேடுறாங்க. திரை சுத்திக்கிட்டே இருக்கு. ஐடி-க்கு போன் வருது: "அண்ணே, போன வாரம் உடனே வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்வர் மாத்துனீங்கள்ல, அதுலேர்ந்துதான் இப்படி."

அவங்க சொன்ன கடைசி வரியை விட்டுடாதீங்க. நெட்வொர்க்கு, மெமரின்னு நோண்டப் போறதுக்கு முன்னாடி இண்டெக்ஸைப் பாருங்க. புத்தகத்துல பொருளடக்கம் மாதிரி, டேபிள்ல ஒரு பதிவைச் சட்டுன்னு தேடிக் கொடுக்கிறதுதான் இண்டெக்ஸ்.

[திரையில்: இரண்டு கட்டங்கள். ஒன்றில் "ஏபாப் டிக்‌ஷனரி", மற்றதில் "டேட்டாபேஸ்".]

எஸ்ஏபி-யில ஒரு இண்டெக்ஸ் ரெண்டு இடத்துல இருக்கணும். எஸ்இ11 திரையில தெரியற ஏபாப் டிக்‌ஷனரியில (எஸ்ஏபி-யோட டேபிள் விவரப் பட்டியல்) அதோட வரையறை இருக்கும். டேட்டாபேஸுக்குள்ள அது நிஜமாவே கட்டப்பட்டிருக்கணும். சர்வர் மாத்தும்போது கட்டுற வேலை பாதியில நின்னிருக்கலாம். பெரிய லோடு சீக்கிரம் முடியணும்னு ஒருத்தர் இண்டெக்ஸை நீக்கிட்டுத் திரும்பப் போடாம விட்டிருக்கலாம். எஸ்இ11-ல வரையறையை மட்டும் பார்த்துட்டு "எல்லாம் சரியா இருக்கு"ன்னு முடிவு பண்றதுலதான் பல பேரோட நாள் வீணாகுது.

[திரையில்: எஸ்டி05 டிரேஸ் முடிவு.]

எஸ்டி05-ல டிரேஸை (டேட்டாபேஸுக்குப் போற ஒவ்வொரு கேள்வியையும் பதிவு பண்றது) ஆன் பண்ணுங்க, தேடலை ஒரு தடவை ஓட்டுங்க, உடனே ஆஃப் பண்ணிடுங்க. மெதுவான வரியில எக்ஸ்ப்ளெயின் (எப்படித் தேடுதுன்னு காட்டுறது) கொடுத்தா, ஆரக்கிள் டேட்டாபேஸ்ல "டேபிள் ஆக்சஸ் ஃபுல்"னு சரக்குப் பதிவுகள் இருக்கிற எம்செக் டேபிள் பேரோட வரும். ஒரே ஒரு மூட்டைக்காக கிட்டங்கியில இருக்கிற அத்தனை மூட்டையையும் பிரிக்கிற வேலை அது.

அடுத்து டிபி02, டேட்டாபேஸ் நிலையைக் காட்டுற திரை. அதுல காணாமல் போன டேபிள், இண்டெக்ஸ் பட்டியலைத் திறந்து ரெஃப்ரெஷ் கொடுங்க. எம்செக்-எம் அங்க இருந்தா ஆளைப் பிடிச்சாச்சு. பொருள், பிளாண்ட், ஸ்டோரேஜ் லொகேஷன் வச்சுத் தேடுறதுக்கு எஸ்ஏபி-யே கொடுத்த இண்டெக்ஸ் அது.

எஸ்இ14-ல (டேட்டாபேஸ் வேலைக்கான திரை) போய் அதைக் கட்டிடலாம். நேரம்தான் முக்கியம். கட்டி முடியற வரைக்கும் டேபிள்ல எழுதுறது நின்னு போகலாம். போட்டு கரைக்கு வர்ற காலையில ஆரம்பிச்சா வரவுப் பதிவு மொத்தமும் நிக்கும். ராத்திரி, பேக்ரவுண்டுல போடுங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுத் தடைக்காலம். அவசரமில்லாத இண்டெக்ஸ் வேலையை அந்த 61 நாளுக்குத் தள்ளி வைக்கலாம்.

பட்டியல்ல எதுவுமே இல்ல, ஆனா தேடல் மெதுவா இருக்குன்னா? வெறும் லாட் நம்பரை மட்டும் போட்டுத் தேடுறாங்களான்னு கேளுங்க. எம்செக்-எம்முல லாட் நம்பர் கிடையாது. கூடவே பொருள் கோடையும் பிளாண்டையும் போடச் சொன்னா பெரும்பாலும் சரியாயிடும். உடனே புது இண்டெக்ஸ் போட ஓடாதீங்க. ஒவ்வொரு வரவுப் பதிவும் ஒவ்வொரு இண்டெக்ஸையும் புதுப்பிச்சாகணும், அந்தச் சுமை எடை போடுற இடத்துல தெரியும்.

[திரையில்: "எம்செக்-0" சிவப்பு நிறத்தில்.]

இங்க கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. பேரு சைபர்ல முடிஞ்சா அது முதன்மை இண்டெக்ஸ். அது காணாமல் போறது வேகக் குறைவை விடப் பெரிய ஆபத்து. ஒரே ஆவண எண், ஒரே வருஷம், ஒரே வரிசை எண்ணோட ரெண்டு பதிவு வராம தடுக்கிறதே அதுதான். அது இல்லாத நாள்ல ஒரே கணவாய் வரவு ரெண்டு தடவை பதிவாகிட்டா, மொத்தத்துல கிலோ கூடிடும். சான்றிதழுக்கு நீங்க கொடுக்கிற கணக்கே தப்பாயிடும்.

அப்படி இரட்டைப் பதிவு இருந்தா, திரும்பக் கட்டப் போனாலும் ஓரா-01452-ன்னு ஆரக்கிள் மறுத்துடும். அந்தப் பிழையைப் பார்த்ததும் ஒரு பதிவை அவசரமா அழிச்சிடாதீங்க. முதல்ல பேக்கப். அப்புறம் முதன்மைச் சாவி வாரியா எண்ணி, ஒண்ணுக்கு மேல வர்றதை எடுங்க. எது நிஜம்னு எடைச்சீட்டோட ஸ்டோர்க்காரங்களை உட்கார வச்சு முடிவு பண்ணுங்க. எஸ்ஏபி சப்போர்ட்டுக்கும் எழுதுங்க. அது வரைக்கும் அந்த டேபிள்ல புதுப் பதிவு நடக்கக் கூடாது.

நான் சொன்னதெல்லாம் ஆரக்கிள் மேல ஓடுற ஈசிசி-க்கு, அதாவது எஸ்ஏபி-யோட பழைய பதிப்புக்கு. அதுக்கு அடுத்த பதிப்பான எஸ்4ஹானாவுல எம்செக் இருந்த இடத்துக்கு மேட்டாக்-ங்கிற டேபிள் வந்துடுச்சு.

[திரையில்: டிபி02, டிக்‌ஷனரிக்குத் தெரியாத இண்டெக்ஸ்கள்.]

டிபி02-ல எதிர்ப்பக்கப் பட்டியலும் இருக்கு: டேட்டாபேஸ்ல இருக்கும், டிக்‌ஷனரிக்குத் தெரியாது. யாரோ நேரடியா ஆரக்கிள்ல போட்ட இண்டெக்ஸா இருக்கலாம். இன்னைக்கு அது நல்லா உதவும். ஆனா ஆர்3லோட்-ங்கிற எஸ்ஏபி கருவியை வச்சு சர்வர் மாத்தினா, டிக்‌ஷனரியில இருக்கிறது மட்டும்தான் அங்க போய்ச் சேரும். தேவையான இண்டெக்ஸ்னா எஸ்இ11-ல இசட்-ல ஆரம்பிக்கிற பேரு கொடுத்து உருவாக்கி, டிரான்ஸ்போர்ட் (மாற்றத்தை ஒரு சிஸ்டத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு அனுப்புற எஸ்ஏபி முறை) வழியா கொண்டு போங்க.