9 சதவீதமா, 13 சதவீதமா: திருப்பூர் நேயரின் கார் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “புதிய ஹேட்ச்பேக் கார், வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 9,50,000 ரூபாய் ஆகிறது. என் கையில் 1,50,000 ரூபாய் இருக்கிறது. மீதி 8,00,000 ரூபாயை வங்கி 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்குத் தருகிறது. அதே மாடலில் நான்கு ஆண்டு ஓடிய வண்டி 5,00,000 ரூபாய்க்கு வருகிறது. ஆனால் பழைய வண்டிக் கடனுக்கு 13 சதவீதம் கேட்கிறார்கள். வட்டி குறைந்த புதிய வண்டியை எடுப்பதுதானே லாபம்?”

இந்தக் கேள்வி என்னை உறுத்தியதற்குக் காரணம், கேட்டவர் கவனமாகக் கணக்குப் பார்ப்பவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அப்படிப்பட்டவரும் வட்டி விகிதத்தைப் பார்த்துவிட்டு வட்டித் தொகையைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இது பழகிய வாசகம்தான்: விகிதம் வேறு, தொகை வேறு. 8,00,000 ரூபாய்க்கு 9 சதவீதத்தில் ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். 84 தவணைகளில் 10,81,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் வட்டி மட்டும் 2,81,000 ரூபாய். பழைய வண்டிக்கு 3,50,000 ரூபாயை 13 சதவீதத்தில் நான்கு ஆண்டுக்கு வாங்கினால் தவணை 9,390 ரூபாய், மொத்த வட்டி 1,00,700 ரூபாய். விகிதம் கூடுதலாக இருக்கும் கடனில் கையைவிட்டுப் போகும் வட்டி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் அந்த 13 சதவீதம் எந்த வகை வட்டி என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு நிதி நிறுவனத்தில் 5,00,000 ரூபாயை “வெறும் 7 சதவீதம்” என்ற பேச்சை நம்பி ஐந்தாண்டுக் கடனாக வாங்கினேன். மாதம் 11,250 ரூபாய் கட்டினேன். அது ஃபிளாட் வட்டி என்பதும், நான் அசலை அடைத்துக்கொண்டே வந்தபோதும் முதல் நாள் கடன் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போட்டிருந்தார்கள் என்பதும் இரண்டாம் ஆண்டில்தான் எனக்குப் புரிந்தது. குறைந்துவரும் நிலுவைக்குப் போடும் வட்டியாக மாற்றிப் பார்த்தால் அது 12.5 சதவீதம். உங்களுக்குச் சொன்ன 13 சதவீதமும் ஃபிளாட் என்றால் வட்டி 1,82,000 ரூபாயாகிவிடும். ஆகவே தவணை அட்டவணையைத் தாளில் வாங்கிப் பாருங்கள்.

இப்போது ஏழு ஆண்டுக் கணக்கை முழுமையாகப் போடுவோம். புதிய வண்டிக்கு முன்பணத்தையும் தவணைகளையும் சேர்த்து 12,31,000 ரூபாய் செலவாகிறது. ஏழாம் ஆண்டு முடிவில் அதை 3,50,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டால் உண்மைச் செலவு 8,81,000, அதாவது மாதம் 10,500 ரூபாய். பழைய வண்டிக்கு 6,00,700 ரூபாய். டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் வேலை, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு எடுத்தவுடனே 60,000 ரூபாய் ஒதுக்குங்கள். அதன்பின் ஆண்டுக்கு 20,000 ரூபாய் கூடுதல் பழுதுச் செலவு சேருங்கள். கடைசியில் 1,75,000 ரூபாய்க்கு விற்பதாகக் கழியுங்கள். மாதம் 7,450 ரூபாய் வருகிறது. விற்பனை விலையும் பழுதுச் செலவும் என் கணிப்பு. உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடையில் மாதம் 3,000 ரூபாய் வித்தியாசம். இது சிறிய தொகையல்ல. ஆனால் பழைய வண்டி பாதி விலைக்குக் கிடைப்பதால் செலவும் பாதியாகிவிடும் என்பதும் சரியல்ல.

ஆன்ரோடு விலைக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். உங்கள் 9,50,000 ரூபாயில் ஒரு லட்சத்துக்கு மேல் அதற்கே போகிறது. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை நீங்கள் இரண்டாம் கையாக வாங்கும்போது அந்த வரியை முதல் உரிமையாளர் கட்டி முடித்திருப்பார். வெளிமாநிலப் பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருபவர்கள் இங்கே வரி கட்ட வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விற்பவர் தம் பழைய பில்லைக் காட்டி “நான் இவ்வளவு கொடுத்தேன்” என்று பேரம் பேசினால், இன்றைய ஷோரூம் விலையை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

பழைய வண்டி என்றால் கண்ணால் பார்க்க வேண்டியவை உண்டு. என் அக்கா மகனுக்காகக் கோயம்புத்தூரில் 2020 மாடல் வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். ஓடோமீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டியது. சீட்டு புதிதுபோல் இருந்தது. ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னேன். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. நான்கு டயரிலும் 1123 என்றிருந்தது. 38,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டிக்கு நான்கு டயரையும் அதற்குள் எதற்காக மாற்றினார்கள்? கம்பெனி சர்வீஸ் பதிவை எடுத்துப் பார்த்தபோது, முந்தைய ஆண்டிலேயே 71,000 கிலோமீட்டர் பதிவாகியிருந்தது. வாங்காமல் திரும்பினோம்.

நேயர் கேட்டது புதியதா பழையதா என்று. அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்புவது, இந்த வண்டியை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது. இதே புதிய வண்டியை நான்காம் ஆண்டு முடிவில் விற்பதாக வையுங்கள். அதுவரை கட்டியது முன்பணத்தோடு 7,68,000 ரூபாய். வங்கிக்கு இன்னும் 4,05,000 ரூபாய் பாக்கி. வண்டி 4,60,000 ரூபாய்க்குப் போனால் கையில் மிஞ்சுவது 55,000 ரூபாய். அந்த நான்கு ஆண்டுக்கும் மாதச் செலவு ஏறத்தாழ 14,850 ரூபாய்! நீங்கள் 5,00,000 ரூபாய்க்குப் பார்த்திருக்கும் வண்டியை முதலில் வாங்கியவருக்கு ஏறத்தாழ இதுதான் நடந்திருக்கும். அவர் ஏற்ற இழப்புதான் உங்களுக்கு விலைக்குறைவாக வருகிறது. அதே புதிய வண்டியைப் பன்னிரண்டு ஆண்டு பராமரித்து ஓட்டி, இடையில் பழுதுக்கு 2,00,000 ரூபாய் செலவழித்து, 1,50,000 ரூபாய்க்கு விற்றால் மாதச் செலவு 8,900 ரூபாய்தான். ஆகவே விகிதம் வேறு, தொகை வேறு என்பதோடு, தொகையையும் எத்தனை மாதத்துக்குப் பங்கிடுகிறோம் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய வண்டியை எடுப்பதாக முடிவு செய்தால், முன்னவரின் கடன் அடைந்ததற்கான வங்கி என்ஓசியையும் (தடையில்லாச் சான்று), ஆர்சியில் இருக்கும் வங்கிக் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக முன்னவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் சற்றுக் கூடும். திருப்பூர் நேயருக்கு என் வேண்டுகோள்: ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், அந்த 13 சதவீதம் ஃபிளாட்டா இல்லையா என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள், கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று அடுத்த பகுதியில் போட்டுக் காட்டுகிறேன்.