எந்தப் பக்கம் நிற்கட்டும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வந்து இந்தத் திடலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் ஊர் நூலக வாசகர்கள் இந்த மாதம் படித்த காதல் நாவலை வைத்துத்தான் இன்றைய வழக்கு. கதை இவ்வளவுதான். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் செயலிழந்த தையல் ஆசிரியை. தனியாகவே வாழ்ந்து பழகியவள். காதல் வருகிறது. கல்யாணப் பேச்சு முடிவதற்குள் நாள் தள்ளிப்போகிறது. பிள்ளையைப் பெற்றுக்கொள்வது என்று யாரையும் கேட்காமல் அவளே முடிவெடுக்கிறாள். அதுவரை மறுத்துவந்த உதவியை ஏழாம் மாதத்தில் ஏற்றுக்கொள்கிறாள். அது அவளுடைய தோல்வி என்கிறது எதிரணி. வெற்றி என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

“ஊன்றுகோலை மட்டுமே நம்பி வாழ்ந்தவளைக் கடைசியில் ஓர் ஆணின் தோளில் சாய்த்துவிட்டாரே ஆசிரியர்!” என்று எதிரணித் தலைவர் குமுறினார். ஐயா, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஊனமுள்ள பெண் என்றாலே கண்ணீர் சிந்த ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டது என்று எழுதுகிறவர்களை என்னாலும் மன்னிக்க முடியாது. ஆனால் இந்த நாவலில் படித்துறை இரண்டு முறை வருகிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை.

முதல் முறை, அவளைக் கேட்காமலே அவன் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறான். கரையில் நிற்பவர்கள் நெகிழ்ந்து போகிறார்கள். அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. இரண்டாம் முறை வயிறு முன்னே தள்ளியிருக்கிறது, படியெல்லாம் பாசி. அவன் இரண்டு படி கீழே இறங்கி நின்று, “எந்தப் பக்கம் நிற்கட்டும்?” என்று கேட்கிறான். “இடது பக்கம். கை வேண்டாம், தோளைக் கொடு” என்கிறாள். இதில் தோற்றது யார்? கேட்கக் கற்றுக்கொண்டவன் அவன். எப்படி வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொண்டவள் அவள். இந்த நாவலில் காதல் என்று நான் கண்டது அந்த இரண்டு வரிகளைத்தான்.

நானும் காலைத் தாங்கும் காலிபர் என்ற சட்டத்தைத் தோல் வாரால் கட்டிக்கொண்டு நடப்பவள். என் மகள் வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதமே கால் வீங்கிவிட்டது. தோல் வாரின் கடைசித் துளைகூட எட்டவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்ததில் ஊன்றுகோல் வைத்த இடத்தில் நிற்க மறுத்தது. அன்றுவரை என் காலிபரை யாரையும் தொடவிட்டதில்லை. ஒரு நாள் என் மாமியார், “வாரைக் கழற்றித் தருகிறாயா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நான்கு விரற்கடை ஒட்டுப்போட்டு வாங்கி வந்தார். “எட்டுகிறதா, பாரம்மா” என்றார். பரிதாபமாக ஒரு சொல் இல்லை, ஊருக்குச் சொல்லிக்காட்டவும் இல்லை. அந்த ஒட்டுத்தோலின் பலத்தில்தான் எட்டாம் மாதம் வரை நடந்தேன்.

வேறொன்றும் நடந்தது. ஒரு மருத்துவமனையில் பரிசோதனை மேஜை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. ஏற முடியாமல் நான் நின்றபோது, “இந்தக் காலோடு உனக்குப் பிள்ளை எதற்கு?” என்று கேட்டார்கள். நாவலில் இப்படியோர் இடம் அரைப் பக்கத்தில் கடந்துபோகிறது. அது எனக்குக் குறைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, விதிவிலக்கான சில நிலைகள் தவிர, ஊனமுள்ள பெண்ணின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவள் கருவைக் கலைப்பது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று சட்டமே சொல்கிறது. படித்துறையில் அவன் கேட்டதும் அதைத்தானே?

உதவி கேட்பவள் தாழ்ந்துவிடுகிறாளாம்! காவிரிக் கரையில் நின்றுகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? ஜூன் 12இல் மேட்டூர் திறந்ததும் நம் கடைமடை விவசாயி மேல்மடையைப் பார்த்துத் தண்ணீர் கேட்கிறாரே, அவரை யாராவது தோற்றவர் என்கிறோமா? முறை வந்தால் கேட்கிறார். பங்கு என்று கேட்கிறார்.

திருச்சி மலைக்கோட்டைக் கதையையும் நினைத்துப் பாருங்கள். பேறுகாலத்தில் இருக்கிறாள் இரத்தினாவதி. பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். அந்தத் தாயின் உருவில் சிவபெருமானே வந்து பிரசவம் பார்த்ததால்தான் அவருக்குத் தாயுமானவர் என்று பெயர். அந்தத் துணையை ஏற்ற இரத்தினாவதியைத் தன்மானம் இழந்தவள் என்று இந்த மண்ணில் ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு காலும் நன்றாக உள்ளவளுக்கு அது சீர், எங்களுக்கு மட்டும் தோல்வியா?

அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். அம்மா, உங்கள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனீர்களா, இல்லையா?